பேக்கப் இருக்கு சரி, ரீஸ்டோர் பண்ணிப் பாத்தியா?

போன சிம்போசியத்துக்கு மூணு நாள் முன்னாடி ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள் காலியாச்சே, ஞாபகம் இருக்கா? "சர்வரை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க"ன்னு ஹாஸ்டல் முழுக்க ஒரு கதை ஓடுச்சு. ஹேக்கும் இல்லை, வைரஸும் இல்லை. அந்த டிலீட் கமாண்டை அடிச்சது நான்தான். இவ்வளவு நாள் கழிச்சு இங்கே எழுதறதுக்குக் காரணம் பாவமன்னிப்பு கேக்கறது மட்டும் இல்லை. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் விஷயம்.

ஒரே ஆள் ரெண்டு தடவை ரெஜிஸ்டர் பண்ணியிருந்த என்ட்ரிகளை நீக்கணும். ரெண்டு வரி குவெரி. முதல் வரியில டிலீட், ரெண்டாவது வரியில வேர் கண்டிஷன். மவுஸால செலக்ட் பண்ணி ரன் கொடுத்தேன். செலக்ட் ஆகியிருந்தது முதல் வரி மட்டும். பிஜிஅட்மின் நாம செலக்ட் பண்ணினதை மட்டும்தான் ஓட்டும். அது தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. "டிலீட் 612"ன்னு கீழே ஒரு வரி வந்து நின்னுது.

பயந்தேனான்னு கேட்டா, இல்லை. நிஜமாவே இல்லை. பக்கத்துல இருந்த ஃப்ரெண்ட் முகம் வெளுத்துப் போச்சு. நான் அவன் தோள்ல தட்டி, "விடு மச்சான், தினமும் ராத்திரி பேக்கப் ஓடுதுல்ல"ன்னு சொன்னேன்.

அந்த வாக்கியத்தை நீங்களும் என்னைக்காவது சொல்லியிருப்பீங்க, இல்லேன்னா சொல்லப் போறீங்க. அதனாலதான் இதைப் படிக்கச் சொல்றேன்.

பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். அழகா இருந்துச்சு. தேதி போட்டு, வரிசையா, 30 ஃபைல். கடைசி ஃபைல் அன்னைக்கு விடியற்காலை ரெண்டு மணிக்கு எழுதப்பட்டது. மனசு குளிர்ந்து போச்சு. அப்புறம்தான் சைஸ் இருக்கற காலத்தைப் பாத்தேன். 20 பைட். அதுக்கு முந்தின நாள் ஃபைல், 20 பைட். அதுக்கும் முந்தினது, 20 பைட். முப்பதும் அதே 20 பைட்.

20 பைட்டுக்கு ஒரு அர்த்தம் உண்டு. ஒண்ணுமே இல்லாத இன்புட்டை ஜிஜிப்-க்குக் கொடுத்தா, அதோட ஹெடரும் முடிவுல வர்ற செக்சம்மும் மட்டும் சேர்ந்து சரியா 20 பைட்டுல ஒரு ஃபைல் வரும். காலி டப்பாவை ஒழுங்கா பேக் பண்ணி, சீல் வெச்சு, தேதி எழுதி ஷெல்ஃப்ல அடுக்கின மாதிரி. எங்க ஸ்கிரிப்ட் ஒரே வரிதான்: பிஜிடம்ப் ஓடும், அதோட அவுட்புட் பைப் வழியா ஜிஜிப்-க்குப் போகும், அது ஃபைலா விழும். இதுல ஒரு பொறி இருக்கு. பைப்ல முன்னாடி இருக்கற கமாண்ட் செத்துப் போனாலும், ஷெல் கவனிக்கறது கடைசி கமாண்டோட எக்ஸிட் கோடை மட்டும்தான். பிஜிடம்ப் தோத்துப் போச்சு. ஜிஜிப் ஜெயிச்சுது. ஸ்கிரிப்ட் "சக்ஸஸ்"னு லாக் எழுதிட்டுத் தூங்கப் போயிடுச்சு. பாஷ்ல பைப்ஃபெயில்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஸ்கிரிப்ட் தலையில ஒரு வரி சேர்த்தா போதும், நடுவுல எது விழுந்தாலும் தோல்வின்னு சொல்லும். அந்த வரி எங்க ஸ்கிரிப்ட்ல இல்லை. உங்க ஸ்கிரிப்ட்ல இருக்கான்னு இப்பவே போய்ப் பாத்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் போகாது.

சரி, பிஜிடம்ப் ஏன் தோத்துச்சு? ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்கிரிப்டை எழுதின சீனியர் அக்காவுக்கு போன் பண்ணினேன். அவங்க பாஸ் அவுட் ஆகி ரெண்டு வருஷம், இப்ப வேலையில இருக்காங்க. விஷயத்தைச் சொன்னதும் திட்டுவாங்கன்னு நினைச்சேன்.

"மெயில் பாத்தியாடா?"

"எந்த மெயில்க்கா?"

"சர்வருக்குள்ளயே வர் ஃபோல்டர்ல மெயில்னு ஒண்ணு இருக்கும். அதுல என் யூசர் பேர்ல ஒரு ஃபைல் இருக்கும். திற."

திறந்தேன். கிரான் ஓட்டற வேலை ஏதாவது எர்ரர் துப்பினா, அந்த யூசருக்கு லோக்கல் மெயிலா போட்டு வைக்கும். நாலு மாசமா, தினம் ஒண்ணு, நூத்து இருபது மெயில் கிட்ட குவிஞ்சு கிடந்துது. எல்லாத்துலயும் ஒரே செய்தி: பாஸ்வேர்ட் தப்பு, உள்ளே விட முடியாது. நாலு மாசம் முன்னாடி செக்யூரிட்டிக்காக டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தினாங்க. நல்ல விஷயம்தான். வெப்சைட்டோட செட்டிங்ஸ்ல புதுசு போட்டாங்க. பேக்கப் யூசரோட பாஸ்வேர்ட் ஃபைல்னு ஒண்ணு இருக்கறதே அப்ப யாருக்கும் ஞாபகம் இல்லை. பாவம் அந்த சர்வர், தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து "முடியலை, முடியலை"ன்னு லெட்டர் எழுதிட்டே இருந்திருக்கு. அந்த லெட்டர் போன அட்ரஸ்ல ரெண்டு வருஷமா ஆள் இல்லை.

பழைய, நல்ல பேக்கப்பாவது இருக்குமே? அதுவும் இல்லை. ஸ்கிரிப்ட்ல இன்னொரு வரி உண்டு: 30 நாளுக்கு மேற்பட்ட ஃபைலை அழி. டிஸ்க் நிறையக் கூடாதுன்னு வெச்சது. அந்த வரி ஒரு நாள் கூட லீவு போடலை. நல்ல பேக்கப்புகளை ஒண்ணொண்ணா, தேதி தவறாம அழிச்சிட்டு, காலி டப்பாக்களை மட்டும் விட்டு வெச்சிருந்துது. போன மூணு சிம்போசியத்தோட டேட்டாவும் அந்தக் கணக்குல போச்சு.

கடைசியா ஒரு நப்பாசை இருந்தது. போஸ்ட்கிரெஸ்ல ஒரு வரிசையை டிலீட் பண்ணினா அது உடனே டிஸ்க்ல இருந்து மறையாது. "இனி யாருக்கும் காட்டாதே"ன்னு ஒரு குறி விழும், அவ்வளவுதான். டெட் டப்பிள்னு பேரு. தெரிஞ்சவங்க உடனே உக்காந்தா தோண்டி எடுக்கலாம். ஆனா செத்த வரிசைகளைக் கூட்டிப் பெருக்க ஆட்டோவேக்கம்னு ஒண்ணு இருக்கே. டிஃபால்ட் செட்டிங்ல அது ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கும். டேபிள்ல செத்த வரிசைகள் 50-ஐயும், மொத்தத்துல 20 சதவீதத்தையும் கூட்டினதைத் தாண்டினா துடைப்பத்தை எடுத்துடும். எங்க கணக்குக்கு 170 சொச்சம். நான் கொன்னது 612. "விடு மச்சான்"னு நான் தோள்ல தட்டிக்கிட்டு இருந்த நேரத்துலயே அது பெருக்கி முடிச்சிருக்கும்.

ஆக அன்னைக்கு எங்க சர்வர்ல மூணு ஆட்டோமேட்டிக் வேலை இருந்துச்சு. பழைய ஃபைலை அழிக்கறது, செத்த வரிசையைப் பெருக்கறது, பேக்கப் எடுக்கறது. முதல் ரெண்டும் கச்சிதமா ஓடுச்சு. காப்பாத்த வேண்டிய ஒண்ணு மட்டும் ஓடலை, அதுவும் ஓடற மாதிரியே நடிச்சுது.

அடுத்த ரெண்டு ராத்திரி நாங்க அஞ்சு பேர் பேமென்ட் கேட்வே ரிப்போர்ட், கன்ஃபர்மேஷன் மெயில், வாட்ஸ்அப்ல வந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் வெச்சு டேபிளைத் திரும்பக் கட்டினோம். பணம் கட்டினவங்க பேர் கிடைச்சிடுச்சு. யார் எந்த ஈவென்ட், டீம்ல யார் யாரு, பேப்பரோட அப்ஸ்ட்ராக்ட் என்ன, இதெல்லாம் பாதிதான் கிடைச்சது. சிம்போசியம் அன்னைக்குக் காலையில ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல இருந்து மூணு பொண்ணுங்க வந்தாங்க. விடியக்காலை நாலு மணி பஸ் பிடிச்சு வந்திருக்காங்க. பேப்பர் ப்ரெசன்டேஷன் லிஸ்ட்ல அவங்க பேர் இல்லை. அவங்க ஸ்லாட்டை வேற டீமுக்குக் கொடுத்தாச்சு. சாயங்காலம் எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு ஸ்லாட் போட்டுக் கொடுத்தோம். அதுக்குள்ள ஜட்ஜ் ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளம்பிட்டார். காலியா கிடந்த ஹாலைப் பாத்துத்தான் அவங்க பேசினாங்க. நல்லா பேசினாங்க. டெஸ்க்ல உக்காந்து "சாரிங்க, சிஸ்டம் இஷ்யூ"ன்னு சொன்னவனும் நான்தான். சிஸ்டம் இஷ்யூவாம்.

அப்புறம் டிபார்ட்மென்ட் குரூப்ல பஞ்சாயத்து. ஸ்கிரிப்ட் எழுதின அக்கா மேலதான் பழி விழுந்தது. ஊர்ல இல்லாதவங்க மேல போடறது ஈஸி. இதை நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க எழுதின அன்னைக்கு அந்த ஸ்கிரிப்ட் ஓடுச்சு, ஃபைல் வந்துச்சு, அவங்களே ஒரு தடவை ரீஸ்டோர் பண்ணியும் பாத்திருக்காங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு பேட்ச் அந்த சர்வரைக் கையில வெச்சிருந்துச்சு. எங்க பேட்சும் சேர்த்து. நாங்க யாரும் அந்த ஃபோல்டரைத் திறக்கலை. பாஸ்வேர்ட் மாத்தினவர் மேலயும் எனக்குக் கோபம் இல்லை, அவர்கிட்ட யாரும் சொல்லலையே. அப்போ யார்தான் தப்புன்னு கேட்டா, டிலீட் அடிச்சதுக்கு நான். மீதி எல்லாத்துக்கும், "ஆட்டோமேட் பண்ணியாச்சு"ன்னு சொன்னா அதோட வேலை முடிஞ்சுதுன்னு எடுத்துக்கற நம்ம பழக்கம்.

"இதெல்லாம் காலேஜ் சர்வர்ல நடக்கும் பாஸ், பெரிய கம்பெனியில நடக்காது"ன்னு நினைக்கறவங்களுக்கு கிட்லேப் கதையைச் சொல்லணும். 2017 ஜனவரி 31. அவங்களுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ரெண்டு சர்வர்ல இருந்தது, ஒண்ணு பிரைமரி, இன்னொண்ணு அதோட நகல். நகல் பின்தங்கிப் போய் நின்னுடுச்சு. ராத்திரி வெகுநேரம் வேலை பாத்துட்டு இருந்த ஒரு எஞ்சினியர், நகலோட டேட்டா ஃபோல்டரைத் துடைச்சிட்டுப் புதுசா காப்பி பண்ணலாம்னு ஃபோல்டர் அழிக்கற கமாண்டை அடிச்சார். அடிச்ச டெர்மினல் பிரைமரியோடது. ஒரு ரெண்டு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்திட்டார். ஆனா சுமார் 300 ஜிபியில மிஞ்சினது நாலரை ஜிபி.

இதுவரைக்கும் மனுஷத் தப்பு, என் தப்பு மாதிரியே. இதுக்கு அப்புறம்தான் படிக்கப் படிக்க எனக்கு முதுகுல வேர்த்துது. தினசரி பிஜிடம்ப் பேக்கப்பைத் தேடினாங்க. அது போய்ச் சேர வேண்டிய அமேசான் எஸ்3 பக்கெட் காலி. காரணம், சர்வர்ல ஓடறது போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் வேலை கூப்பிட்டது 9.2-ஓட பிஜிடம்ப்பை. வெர்ஷன் பொருந்தலைன்னு அது எர்ரர் கொடுத்துட்டு நின்னிருக்கு. எர்ரர் வந்தா மெயில் வரணுமே? மெயில் போயிருக்கு. ஆனா அந்த மெயில்கள் டிமார்க் சோதனையில தேறாததால, வாங்க வேண்டிய மெயில் சர்வரே திருப்பி அனுப்பிடுச்சு. ஆக யாருக்கும் தெரியலை. டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி இருந்துச்சு, ஆனா டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதை ஆன் பண்ணலை. கடைசியில அவங்களைக் காப்பாத்தினது, வேற ஒரு டெஸ்ட்டுக்காக ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட். எந்த ஆட்டோமேஷனும் இல்லை, ஒரு மனுஷன் தற்செயலா எடுத்தது. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போச்சு. அதிகபட்சமா 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புது யூசர் அக்கவுன்ட் பாதிக்கப்பட்டதா அவங்களே கணக்குச் சொன்னாங்க.

அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சது என்னன்னா, மறைக்கலை. மீட்பு வேலையை யூடியூப்ல லைவ்வா காட்டினாங்க. பிறகு என்ன நடந்துச்சுன்னு நீளமா எழுதிப் பொதுவுல வெச்சாங்க. அதுல அந்த எஞ்சினியரோட பேர் இல்லை, "டீம் மெம்பர் 1"ன்னுதான் இருக்கும். நம்ம குரூப்ல ரெண்டு நாள் ஓடின பஞ்சாயத்தோட இதை ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க, நான் எதுவும் சொல்லலை.

பேக்கப் ஒரு பக்கம். இன்னொரு வகை வியாதியையும் சொல்லணும், ஏன்னா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றவங்க நிறையப் பேர் இதுல தப்பு மருந்து சாப்பிடறாங்க. "டேட்டாபேஸ் ஸ்லோவா இருக்கு, பாத்தா ஆட்டோவேக்கம்தான் ஓடிட்டே இருக்கு, அதை ஆஃப் பண்ணினா சரியாயிடும்"ங்கற மருந்து. வீடு குப்பையா இருக்கு, பாத்தா வேலைக்கார அம்மா எப்பவும் பெருக்கிட்டே இருக்காங்க, அவங்களை நிறுத்திட்டா வீடு சுத்தமாயிடும்னு சொல்ற மாதிரி இது.

எங்க கிளாஸ்ல ஒரு டீம் சென்சார் ப்ராஜெக்ட் பண்ணுச்சு. ஒரு சின்ன டேபிள், ஐம்பது வரிசைதான், ஒவ்வொரு சென்சாரோட லேட்டஸ்ட் அளவு அதுல அப்டேட் ஆகிட்டே இருக்கும். போஸ்ட்கிரெஸ்ல அப்டேட்னா பழைய வரிசையைச் சாகடிச்சுப் புது வரிசை எழுதறதுதான். ஒரு வாரத்துல அந்த ஐம்பது வரிசை டேபிள் பல நூறு எம்பி ஆச்சு, டேஷ்போர்டு தவழ ஆரம்பிச்சுது. ஆட்டோவேக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது, போகுது, டேபிள் மட்டும் குறையலை. ஆஃப் பண்ணிடலாம்னு முடிவே பண்ணிட்டாங்க.

இந்த இடத்துல பாக்க வேண்டியது ஸ்டாட் யூசர் டேபிள்ஸ்ங்கற வியூ. கடைசியா ஆட்டோவேக்கம் எப்ப ஓடுச்சு, இன்னும் எத்தனை செத்த வரிசை மிச்சம் இருக்குன்னு ரெண்டு காலம் அதுல இருக்கும். எங்களுக்கு வந்த பதில்: ஓடினது அரை நிமிஷம் முன்னாடி; மிச்சம் இருக்கற செத்த வரிசை பல லட்சம். ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். பெருக்க வந்தவங்க வந்துட்டாங்க, ஆனா குப்பையைத் தொட அனுமதி இல்லை. யார் தடுக்கறாங்க? அதுக்கு ஸ்டாட் ஆக்டிவிட்டி வியூ. அதுல ஒரு கனெக்‌ஷன் "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்"னு உக்காந்திருந்தது. ஒன்பது நாளா.

லேப்ல மூலையில இருக்கற ஒரு சிஸ்டம். யாரோ ஜுப்பிட்டர் நோட்புக்ல ஒரு இன்செர்ட் போட்டுப் பாத்துட்டு, கமிட் போடாம, டேபை மட்டும் மூடிட்டுப் போயிருக்காங்க. கெர்னல் உயிரோட இருந்துச்சு. பைத்தான்ல சைக்கோபிஜி2 டிஃபால்ட்டா டிரான்சாக்‌ஷனைத் திறந்துடும், கமிட்டோ ரோல்பேக்கோ சொல்ற வரைக்கும் மூடாது. அந்தப் பழைய டிரான்சாக்‌ஷன் உயிரோட இருக்கற வரை, அதுக்குப் பிறகு செத்த வரிசைகள் யாருக்காவது தேவைப்படலாம்னு போஸ்ட்கிரெஸ் பத்திரமா வெச்சிருக்கும். அந்த ஒரு கனெக்‌ஷனைத் துண்டிச்சோம். அடுத்த நிமிஷம் ஆட்டோவேக்கம் வந்து எல்லாத்தையும் பெருக்கிட்டுப் போச்சு. ஃபைல் சைஸ் உடனே குறையலை, காலியான இடத்தை டேபிள் தானே திரும்பப் பயன்படுத்திக்கும். சைஸைக் குறைக்கணும்னா வேக்கம் ஃபுல் ஓட்டணும், அது ஓடற வரைக்கும் டேபிளைப் பூட்டி வெச்சுடும். அந்தச் சின்ன டேபிளுக்கு ஒரு செகண்ட் கூட ஆகலை. இப்படி உக்காந்திருக்கற கனெக்‌ஷனைக் குறிப்பிட்ட நேரத்துல தானா வெட்டறதுக்கும் ஒரு டைம்அவுட் செட்டிங் உண்டு. டிஃபால்ட்டா அது பூஜ்யம், அதாவது வெட்டாது.

ஆட்டோவேக்கத்தை ஆஃப் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ப்ராஜெக்ட் ரிவ்யூ வரைக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது, அதுதான் பிரச்சனையே. டிரான்சாக்‌ஷன் நம்பர் 32 பிட். சுமார் 429 கோடி. வட்டமா சுத்துற நம்பர்ங்கறதால பாதியை, 200 கோடி சொச்சத்தைத்தான் "கடந்த காலம்"னு வெச்சுக்க முடியும். பழைய வரிசைகளுக்கு "இது ரொம்பப் பழசு"ன்னு முத்திரை குத்தி வைக்கறதும் வேக்கம் செய்யற வேலைதான். டிஃபால்ட்ல வயசு 20 கோடி தாண்டினா, நீங்க ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் மீறி அதுவா ஓட ஆரம்பிக்கும். அதுவும் முடிக்க முடியாத நிலைக்குப் போனா, டேட்டா குழம்பறதுக்குப் பதிலா போஸ்ட்கிரெஸ் எழுத்தையே நிறுத்திடும். 2015 ஜூலையில சென்ட்ரி இதுல மாட்டுச்சு. 2019 பிப்ரவரியில மெயில்சிம்ப்போட மேன்ட்ரில் மாட்டி, ஒரு நாளுக்கு மேல தடுமாறுச்சு. ரெண்டு இடத்துலயும் வேலை பாத்தவங்க விவரம் தெரிஞ்சவங்கதான்.

இன்னும் சில சில்லறைப் பொறிகள், வேகமாச் சொல்லிடறேன். கிரான்டேப் வரியில தேதிக்காகச் சதவீதக் குறி போட்டா, அதை கிரான் புது வரின்னு எடுத்துக்கும். முன்னாடி பேக்ஸ்லாஷ் வேணும். டெர்மினல்ல ஓடற கமாண்ட் கிரான்ல ஓடாம போறதுக்கு இன்னொரு காரணம், கிரானுக்குத் தெரிஞ்ச பாத் ரொம்பச் சின்னது. கிளவுட் சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்துல இருக்கும், நீங்க ராத்திரி ரெண்டு மணின்னு போட்டது இங்கே காலை ஏழரைக்கு ஓடும், சரியா டிராஃபிக் ஏறும்போது. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் எடிஷன்ல ஏஜென்ட்டே கிடையாது, அதனால ஷெட்யூல் பண்ணின வேலை எதுவும் ஓடாது. ஏஜென்ட் இருக்கற எடிஷன்ல, ஜாப் ஓனரா இருந்தவரோட அக்கவுன்ட்டை அவர் வேலையை விட்டதும் டிசேபிள் பண்ணினா, மறுநாள்ல இருந்து ஜாப் ஃபெயில். இதை அந்த அக்கா சொன்னப்ப ரெண்டு பேருமே சிரிச்சோம், வேற வழி இல்லாம. எக்ஸாம்ப் வெச்சிருக்கறவங்களுக்கு: அதுல வர்ற மரியாடிபி-யில ஈவென்ட் ஷெட்யூலர் டிஃபால்ட்டா ஆஃப். ஈவென்ட்டை எழுதி, எர்ரர் இல்லாம சேவ் ஆனதைப் பாத்து, ரெக்கார்டுல கையெழுத்தும் வாங்கினவங்க என் கண் முன்னாடி இருக்காங்க.

"இதெல்லாம் எதுக்கு, கிளவுட்ல மேனேஜ்டு டேட்டாபேஸ் எடுத்தா அவன் பாத்துப்பான்"னு ஒரு வாதம் வரும். பாதி ஒத்துக்கறேன். பைப்ஃபெயில் மாதிரி தொல்லை எல்லாம் அங்கே இல்லை. ஆனா அமேசான் ஆர்டிஎஸ்-ல கமாண்ட் லைன் வழியா இன்ஸ்டன்ஸ் உருவாக்கி, எத்தனை நாள்னு சொல்லாம விட்டா, ஆட்டோமேட்டிக் பேக்கப் ஒரே ஒரு நாளுக்குத்தான் நிக்கும். கிரெடிட் தீரப் போகுதுன்னு அவசரத்துல இன்ஸ்டன்ஸை டிலீட் பண்றப்ப, வெச்சுக்கோன்னு சொல்லலேன்னா அந்த பேக்கப்பும் சேர்ந்தே போயிடும். கமிட் போடாத நோட்புக்கைக் கிளவுட் உடனே வந்து மூடிடாது.

என் கோரிக்கை நம்ம லேப்கிட்ட. நாலாவது செமஸ்டர்ல டிபிஎம்எஸ் லேப்ல ஜாயின் எழுதினோம், டிரிக்கர் எழுதினோம், நார்மலைசேஷன் படம் வரைஞ்சோம். எல்லாம் வேணும். ஒரு தடவை கூட ஒரு டேட்டாபேஸை பேக்கப்ல இருந்து திரும்பக் கொண்டு வரலை. ஒரே ஒரு செஷன் போதும். ஸ்டாஃப் முந்தின நாளே சர்வர்ல ஏதாவது ஒண்ணை உடைச்சு வைக்கட்டும். பாஸ்வேர்ட் மாத்தட்டும், டிஸ்கை நிரப்பட்டும், ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து விட்டுட்டுப் போகட்டும். எங்கே உடைஞ்சதுன்னு சொல்ல மாட்டாங்க. மூணு மணி நேரம். எழுத வேண்டிய அவுட்புட், என்ன உடைஞ்சிருந்தது, எதைப் பாத்துக் கண்டுபிடிச்சேன், ரீஸ்டோர் பண்ணின பிறகு எத்தனை வரிசை வந்தது. லேப் இன்சார்ஜ் சார்கிட்ட இதைச் சொன்னேன். "சிலபஸ்ல இல்லையேப்பா"ன்னார். அப்புறம், "எழுதிக் கொடு, பாக்கலாம்"னும் சொன்னார். எழுதிக் கொடுத்தாச்சு. இதைப் படிக்கற தேர்ட் இயர் ஆட்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தா கிளாஸ் ரெப்பைப் பாருங்க.

அது வர்றதுக்குள்ள நாங்களா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். தோத்தா மெயில் அனுப்புன்னு சொல்றதை நிறுத்திட்டோம். தோத்த சர்வர் மெயில் அனுப்பும்னு என்ன நிச்சயம்? காலையில வாசல்ல பால் பாக்கெட் இல்லேன்னா அம்மா உடனே போனை எடுப்பாங்க, பால்காரர் "இன்னைக்கு வர மாட்டேன்"னு சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. அதே மாதிரி, பேக்கப் முடிஞ்சதும் வேற ஒரு மெஷினுக்கு ஒரு சிக்னல் போகும். காலை ஆறு மணிக்குள்ள அந்த சிக்னல் வரலேன்னா அந்த மெஷின் குரூப்ல கத்தும். ஃபைல் சைஸ் நேத்தைய சைஸ்ல பாதிக்குக் கீழே போனாலும் கத்தும். முக்கியமா, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருத்தர் லேட்டஸ்ட் பேக்கப்பை ஒரு காலி டேட்டாபேஸ்ல ரீஸ்டோர் பண்ணி, எத்தனை வரிசை வந்ததுன்னு குரூப்ல போடணும். ஸ்கிரிப்ட் வேண்டாம், கையாலதான். செகண்ட் இயர் பசங்க ரெண்டு பேரையும் சேர்த்திருக்கோம், நாங்க போன பிறகு யாராவது இருக்கணுமே.

பதினோரு ஞாயிறு ஆச்சு. ஏழாவது ஞாயிறு ரீஸ்டோர் ஃபெயில் ஆச்சு, டிஸ்க்ல இடம் இல்லை. அதைக் கண்டுபிடிச்சது ஒரு செகண்ட் இயர் பொண்ணு. "அண்ணா, ஏதோ நான்தான் தப்பா பண்ணிட்டேன்னு நினைக்கறேன்"னு மெசேஜ் போட்டிருந்தா. இல்லைம்மா, நீ சரியாத்தான் பண்ணியிருக்கேன்னு பதில் போட்டுட்டு, எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். இந்த வாரம் என் முறை.